கூரைக்கு ஒன்றும் ஆகவில்லை

நெட்டைக்குளத்துக்கு நீங்கள் போனதுண்டோ இல்லையோ, அங்கே பந்தல் போடுகிற நாலு பேரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். அவர்கள் போட்ட பந்தல் ஒன்றுகூட இதுவரை சாய்ந்ததில்லை. போடும்போது அவர்கள் சாய்ந்திருக்கிறார்கள், அது வேறு விஷயம்.

நால்வரில் மூத்தவர் பூவலிங்கம். யோசிப்பது அவர் பொறுப்பு. சடையாண்டி சொன்னதைச் செய்வான், சொல்லாவிட்டாலும் செய்வான். வேம்பு, ஊரில் கார் வைத்திருந்த ஐராவதத்தின் மகன். நாலாவது ஆள் மருதப்பன், ஐராவதத்தின் அக்காள் மகன். மாமன் மகள் செண்பகத்தைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்பதைத் தவிர அவனுக்கு வேறு ஆசை கிடையாது. செண்பகத்துக்கும் அவன்மேல் பிரியம்தான். ஏன் என்று ஊரில் யாருக்கும் விளங்கவில்லை.

ஐராவதத்தின் கார் சாதாரணக் கார் அல்ல. துணிக்கூரை போட்ட, நீளமான, பழைய சிவப்புக் கார். கூரையைப் பின்னால் மடித்துவிட்டால் திறந்த கார். சுற்றுவட்டாரத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் மாப்பிள்ளை ஊர்வலம் வருவது அதில்தான். மதுரையில் அந்தக் கூரைக்குப் புதுத் துணி தைத்துப் போட்ட கையோடு, தம்பி வீட்டு விசேஷத்துக்காக அவர் கோயம்புத்தூர் கிளம்ப வேண்டியதாயிற்று. கார் நிற்கிற கொட்டகையில் அப்போது நெல் மூட்டை அடுக்கியிருந்தது. கார் வெளியேதான் நின்றாக வேண்டும். சொந்த மகனை நம்பி விட்டுப்போக அவருக்குத் துணிவில்லை. மருதப்பனைக் கூப்பிட்டார்.

"டேய், காது குடுத்துக் கேளு. இந்தத் துணி வெயில்ல வெளுத்துப் போகும், நிழல்ல நிறுத்து. நிழல்னு மரத்தடியில கொண்டு நிறுத்திராதே, பிசின் ஒழுகும். காக்கா எச்சம் ஒரு சொட்டு விழக் கூடாது, துணியை அரிச்சிரும். நனைஞ்ச கூரையை மடிக்கக் கூடாது, பூஞ்சை பூத்துரும்."

"சரிங்க மாமா."

"நான் வர்றப்போ கூரை இப்போ இருக்கிற மாதிரியே இருந்துச்சுன்னா செண்பகத்தை உனக்குத் தர்றேன். ஒரு கறை இருந்துச்சோ, இந்த வீட்டுப் பக்கமே தலை காட்டாதே."

மருதப்பன் தலையைத் தலையை ஆட்டினான். இவ்வளவு சுலபமாகப் பெண் கிடைக்கும் என்று அவன் நினைத்திருக்கவில்லை.

மரம் இல்லாத நிழல் ஊரில் ஒன்றுதான் இருந்தது, தண்ணீர்த் தொட்டியின் நிழல். காலையில் காரை அதில் நிறுத்திவிட்டு நால்வரும் டீ குடிக்கப் போனார்கள். திரும்பி வந்தால் கார் வெயிலில் நிற்கிறது.

"யாரோ காரை நகத்திட்டாங்க," என்றான் சடையாண்டி.

பூவலிங்கம் காரைச் சுற்றி வந்து தரையைப் பார்த்தார். "கார் நின்ன எடத்துலதான் நிக்குது. நகந்தது தொட்டி."

நால்வரும் அண்ணாந்து பார்த்தார்கள். அவ்வளவு பெரிய தொட்டி, சத்தமே இல்லாமல் நகர்ந்திருந்தது.

"மாமா தொட்டியைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே," என்றான் மருதப்பன் கவலையோடு.

"தொட்டியை நாம பிடிச்சு வைக்க முடியுமா? அது போற பக்கம் நாமளும் போக வேண்டியதுதான்."

காரை ஓட்டிப் போயிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். மாமா நிறுத்தச் சொன்னாரே தவிர ஓட்டச் சொல்லவில்லை. ஆகவே தள்ளினார்கள். உச்சி வேளையில் நிழல் தொட்டியின் கால்களுக்கு நடுவே சுருண்டுகொண்டது. காரையும் அங்கே நுழைத்தார்கள். சாயங்காலம் நிழலுக்கு என்ன அவசரமோ, குளக்கரையைப் பார்த்து நீண்டுகொண்டே போயிற்று. இவர்களும் விடவில்லை. பொழுது சாய்ந்தபோது கார் கரையின் அடிவாரத்தில் நின்றது. நால்வரும் நாக்குத் தள்ளிப்போய் அதன் பக்கத்தில் கிடந்தார்கள்.

மறுநாள் வானம் மூடியிருந்ததால் ஊர் முழுக்க நிழல். தொட்டியின் தயவு தேவைப்படவில்லை. ஆனால் காருக்கு மேலே ஒரு காக்கை வட்டமிட்டது. மருதப்பன் பூவலிங்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, அது எச்சம் போட்டா செண்பகம் போயிருவா."

பூவலிங்கம் கண்ணை மூடிக்கொண்டார். "எச்சம் எப்பவும் மேலேயிருந்து கீழேதான் விழும். கீழேயிருந்து மேலே விழுந்து நான் பார்த்ததில்லை."

"நானும் பார்த்ததில்லைண்ணே."

"அப்போ காக்காவுக்கு மேலே கார் நின்னுட்டா?"

"காக்கா இன்னும் ஒசரமாப் பறந்தா?" என்று கேட்டான் வேம்பு.

"ஏன், அதுக்கு இறக்கை வலிக்காதா?"

அந்தப் பக்கத்தில் உயரமான இடம் குளக்கரையின் உச்சிதான். மூச்சைப் பிடித்துக்கொண்டு காரை அங்கே ஏற்றிவிட்டார்கள். இந்தப் பக்கம் ஊர், அந்தப் பக்கம் தண்ணீர். காக்கைக்கு இனி வேலை இல்லை என்று உட்கார்ந்து வேர்வையைத் துடைத்தபோது இடி இடித்தது.

"நனைஞ்ச கூரையை மடிக்கக் கூடாதுன்னாரே மாமா," என்றான் மருதப்பன்.

"அப்போ நனையறதுக்கு முன்னாடியே மடிச்சிரணும்," என்றார் பூவலிங்கம்.

இதில் வாதாட எதுவும் இல்லை. மழை என்றால் பந்தல்காரர்கள் முதலில் துணியைத்தான் அவிழ்த்து உள்ளே கொண்டுபோவார்கள். விருந்தாளிகள் நனைந்தால் தானாகக் காய்ந்துகொள்வார்கள், துணியை யார் காயவைப்பது? கூரையை மடித்தார்கள். மடித்த கூரை காரின் பின்னாலேயே கிடந்தால் அதுவும் நனையும் என்று வேம்புக்குத் தோன்றியது. கம்பி, சட்டம், திருகாணி எல்லாவற்றோடும் கழற்றிப் பாயில் சுருட்டினார்கள். தோளில் தூக்கிக்கொண்டு மருதப்பன் வீட்டுக்கு ஒரே ஓட்டம். அதற்குப் பிறகுதான் மழை பிடித்தது. கூரைமேல் ஒரு துளி விழவில்லை.

மழை விட்டதும் வந்து பார்த்தால் கரையில் காரைக் காணோம். மண் இளகி, மெல்ல வழுக்கி, குளத்துக்குள் போயிருந்தது. முன்கண்ணாடியின் விளிம்பு மட்டும் வெளியே தெரிந்தது.

நால்வரும் கரையில் வரிசையாக உட்கார்ந்து அந்த விளிம்பையே பார்த்தார்கள்.

"நல்லவேளை," என்றார் பூவலிங்கம் கடைசியில். "கழட்டாம விட்டிருந்தா இந்நேரம் கூரையும் சேர்ந்து முங்கியிருக்கும்."

மருதப்பனுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எப்பேர்ப்பட்ட கண்டத்திலிருந்து தப்பினோம் என்று கிழக்கே பார்த்துக் கும்பிடு போட்டான்.

ஐராவதம் ஊர் திரும்பியதும் கூரையைக் கொண்டுபோய் அவர் வீட்டுக் கூடத்தில் விரித்துக் காட்டினார்கள். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். மோந்தும் பார்த்தார். வெளுப்பு இல்லை, கறை இல்லை, பூஞ்சை இல்லை.

"கூரை சுத்தமாத்தான் இருக்கு. கார் எங்கடா?"

"குளத்துல இருக்குங்க மாமா. அதுமேலயும் ஒரு எச்சம் கிடையாது."

அவர் உலக்கையைத் தேடி எடுப்பதற்குள் செண்பகம் குறுக்கே வந்து நின்றாள்.

"அப்பா, கூரை அப்படியே இருந்தா என்னைத் தர்றேன்னீங்க. காரைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

ஐராவதம் யோசித்துப் பார்த்தார். சொல்லவில்லைதான். வாக்குத் தவறாதவர் என்று பெயர் வாங்கிவிட்ட மனிதர், பாவம், என்ன செய்வார்? உலக்கையைச் சுவரில் சாய்த்துவிட்டு ஜோசியருக்கு ஆள் அனுப்பினார்.

ஆனால் அந்தக் காரில் வராத ஒருவனை மாப்பிள்ளை என்று அந்த ஊர் ஒப்புக்கொண்டதே இல்லை. குளம் வற்றும் வரை காத்திருக்கச் செண்பகம் சம்மதிக்கவில்லை. பந்தல்காரர்கள் கூரையை நாலு மூங்கிலில் கட்டித் தூக்கினார்கள். முன்பக்கம் வலது மூங்கிலை ஐராவதம் பிடித்துக்கொண்டார், டிரைவர் இடம் அதுதான். மற்ற மூன்றை மற்ற மூவர் பிடித்தார்கள். நடுவில் மருதப்பன் மாலையும் கழுத்துமாக நடந்தான். ஐராவதம் வாயாலேயே ஹாரன் அடித்தார். சந்தைத் தெரு முக்கில் காரை ஒரே திருப்பில் திருப்ப முடியாது என்பது அவருக்குப் பழகிப்போன சங்கதி. மேளக்காரர்கள், சீர்த்தட்டுக்காரர்கள் அத்தனை பேரையும் ஒதுங்கச் சொல்லி, ரிவர்ஸ் எடுத்துத் திருப்பினார்.

ஒருவழியாகக் கல்யாண மண்டபம் வந்தது. வாசலில் ஆரத்தித் தட்டோடு பெண்கள் நின்றார்கள். மருதப்பன் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

"இறங்குப்பா," என்றார் ஐராவதம்.

"மச்சான் கதவைத் திறந்துவிடணுமே மாமா. திறக்காம எப்படி இறங்கறது?"

நியாயமான கேள்வி. பெண்ணின் உடன்பிறந்தவன் கதவைத் திறந்துவிட்டுத்தான் மாப்பிள்ளை இறங்குவது முறை. வேம்பு தன் மூங்கிலைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்துவிட்டுக் கூரையைச் சுற்றிச் சுற்றி வந்தான். கதவு தென்படவில்லை. நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. செண்பகம் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். மருதப்பன் அவளைப் பார்த்துக் கையை விரித்தான். பெரியவர்கள் கூடிக் கூடிப் பேசினார்கள்.

பூவலிங்கம் தொண்டையைச் செருமினார். "கதவு இல்லாம இல்லை. குளத்துல இருக்கு."

குளம் அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். சடையாண்டியும் தன் மூங்கிலை இன்னொருவர் கையில் கொடுத்தான். அவனும் வேம்பும் பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்கள். சடையாண்டி கரைமேல் நின்றுகொள்ள, வேம்பு மூச்சைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் முங்கினான். கொஞ்ச நேரத்தில் சடையாண்டியின் குரல் மண்டபம் வரைக்கும் கேட்டது.

"திறந்தாச்சு. இடது பக்கக் கதவு. இடது பக்கமா இறங்கச் சொல்லுங்க."

வலது பக்கமாக நின்றிருந்த மருதப்பன் இடது பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, கூரையில் தலை இடிக்காமல் நன்றாகக் குனிந்து, வலது காலை முன்னால் வைத்து இறங்கினான்.