காது மூடிய அரசரும் ஒரு நாழிகை அரசரும்

வேங்கைநாட்டு அரசர் மாறவேளுக்கு யாழ் என்றால் உயிர், சபை என்றால் தலைவலி. இரண்டும் ஒரே மண்டபத்தில் நடந்ததுதான் அவருக்கு வந்த சோதனை. யாழ்க்காரர் நரம்பைத் தொடும் நேரம் பார்த்துத்தான் யாராவது தும்முவார்கள், யாராவது வாய்க்கால் தகராறை ஆரம்பிப்பார்கள்.

இதற்கு வழி செய்பவருக்குப் பரிசு என்று முரசறைந்தார்கள். இரண்டு கைவினைஞர்கள் வந்தார்கள். முதலாமவர் கொண்டுவந்தது காதுமூடி. தேங்காய் மூடி அளவில் இரண்டு மரக்கிண்ணங்கள், உள்ளே இலவம்பஞ்சு, தலைக்கு மேலே தோல்வார். கிண்ணத்திலிருந்து ஒரு குழல் யாழுக்குப் போகும். மாட்டிக்கொண்டால் யாழ் மட்டும்தான் கேட்கும், பக்கத்தில் யானை பிளிறினாலும் தெரியாது. இரண்டாமவர் கொண்டுவந்தது செவிமடலில் தொங்கும் சின்னப் பித்தளைச் சங்கு. அது காதை அடைக்காது. யாழும் கேட்கும், தும்மலும் கேட்கும்.

எது வேண்டும் என்று அரசர் சபையைக் கேட்டார். அமைச்சர் கூத்தரையர் யோசிக்கவே இல்லை. மூடிதான் என்றார். தும்மல் சும்மாவே கேட்கிறது, அதற்கு ஒரு கருவி எதற்கு என்றார். சபை சிரித்தது. ஓலை எழுதும் சேந்தனையும் கேட்டார்கள். சேந்தன் கூச்சக்காரர். சபையில் ஆசனம் கிடைத்துப் பத்தொன்பது வருஷமாகியும் தனக்கென்று ஒன்றும் கேட்டதில்லை. ஒவ்வொன்றையும் ஐந்து நாள் போட்டுப் பார்க்கலாமே என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். அரசர் மூடியிலிருந்து தொடங்கினார். குழல் நீளம் போதாததால் அரியணையை விட்டு இறங்கி, யாழ்க்காரர் பக்கத்தில் ஒரு மஞ்சத்தில் உட்கார்ந்துகொண்டார்.

வேங்கைநாட்டில் ஒரு வழக்கம் உண்டு. சபையில் ஆசனம் உள்ளவர் ஒரு வேண்டுகோளை மூன்று முறை உரக்கச் சொல்லலாம். அதற்குள் அரசர் ‘முடியாது’ என்று சொல்லாவிட்டால், கேட்டதைக் கொடுத்ததாக அர்த்தம். எழுத்தர் உடனே ஓலை எழுதி முத்திரை வைத்துவிட வேண்டும். மாறவேளின் பாட்டனார் ஏற்படுத்தியது இது. அவருக்கு ‘சரி’ என்று சொல்லக்கூடச் சோம்பல்.

முதல் நாள் கூத்தரையர் எழுந்து அரண்மனை மாந்தோப்பை மூன்று முறை கேட்டார். அரசர் கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். சேந்தன் எழுதினார். இரண்டாம் நாள் படகுத்துறை. மூன்றாம் நாள் கோட்டைக்கு வெளியே இருந்த மேய்ச்சல் வெளி. நான்காம் நாள் அமைச்சர் சபைக்கு வரவில்லை. அன்று காலை காரையூர் விவசாயிகள் சேந்தனின் வீட்டு வாசலில் நின்றார்கள். அமைச்சர் மறுநாள் கிழக்கு ஏரியைக் கேட்கப்போகிறாராம். அந்தத் தண்ணீரை நம்பி இருநூற்றுப் பன்னிரண்டு குடும்பங்கள் இருந்தன.

அரசரிடம் நேரே சொல்லிவிடலாம் என்றால் அதற்கும் தடை இருந்தது. சபையில் நடந்ததை எழுத்தர் சபைக்கு வெளியே பேசக்கூடாது. சபைக்குள் பேசினால் அரசருக்குக் கேட்காது. சபையில் மற்றவர்களுக்கோ அமைச்சரிடம் பயம். சாயங்காலம் தோட்டத்தில் அரசரைப் பார்த்தபோது, பித்தளைச் சங்கையும் ஒருநாள் போட்டுப் பார்க்கலாமே என்றார் சேந்தன்.

“எதற்கு? இந்த நாலு நாளாக நாட்டைப் பற்றி ஒரு குறைகூட என் காதில் விழவில்லை” என்றார் அரசர்.

“அது உண்மைதான், அரசே” என்றார் சேந்தன். வேறு என்ன சொல்வது?

ஐந்தாம் நாள். அமைச்சர் எழுவதற்கு முன்பே சேந்தன் எழுந்தார். குரல் எப்படியோ வந்தது.

“அரசே, அடியேன் ஒரு நாழிகை நேரம் அரசனாக அரியணையில் இருக்க வேண்டும்.”

இரண்டாம் முறை சொன்னார். மூன்றாம் முறையும் சொன்னார். மாறவேள் மஞ்சத்தில் சுகமாகத் தலையை ஆட்டினார். சேந்தன் தன் வேண்டுகோளைத் தானே எழுதி, முத்திரை வைத்து, நாழிகை வட்டிலைப் பார்த்துவிட்டுப் படியேறி, அரியணையின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

கூத்தரையருக்கு முகம் கறுத்தது. இது செல்லாது என்று சொல்ல வாயைத் திறந்தார். சொன்னால் மாந்தோப்பும் செல்லாது என்பது அப்போதுதான் உறைத்தது. வாயை மூடிக்கொண்டார். பிறகு சேந்தனைக் கண்டுகொள்ளாதவர்போல மஞ்சத்தின் பக்கம் திரும்பி, கிழக்கு ஏரியை ஒருமுறை கேட்டார். இரண்டாம் முறையும் கேட்டார்.

“முடியாது” என்றார் அரியணையில் இருந்தவர்.

பத்தொன்பது வருஷமாக அதிர்ந்து பேசாத மனிதர். சபையே வாய்விட்டுச் சிரித்துவிட்டது. யாழ்க்காரரும் சிரித்ததில் யாழ் நின்றுபோனது. அரசர் கண்ணைத் திறந்தார். தம் இருக்கையில் எழுத்தர் இருப்பதைப் பார்த்து மூடியைக் கழற்றினார்.

“சேந்தா, அங்கே யார் உன்னை உட்காரச் சொன்னது?”

“தாங்கள்தான், அரசே” என்று ஓலையை நீட்டினார் சேந்தன். அதன் கீழே மற்ற மூன்று ஓலைகளும் இருந்தன. இப்போது சபைக்குள்தான் இருக்கிறோம், பேசலாம் என்று நடந்ததை நாள்வாரியாகச் சொன்னார்.

அரசர் நான்கையும் படித்தார். காது நுனி சிவந்தது. “கொடுத்ததைக் கொடுத்தவனே பிடுங்குவது இந்த நாட்டில் இழுக்காயிற்றே. என்ன செய்வேன்? சரி, நீ முதலில் இறங்கு.”

“மன்னிக்க வேண்டும். எனக்கு இன்னும் கால் நாழிகை பாக்கி இருக்கிறது. கொடுத்தவர் வாங்கினால்தானே இழுக்கு? நான் யாருக்கும் எதையும் கொடுக்கவில்லையே.”

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “அப்படியானால் சீக்கிரம் எழுது. நேரம் போகிறது.”

சேந்தன் மூன்று ஓலைகளையும் ரத்து செய்து எழுதிவிட்டுத்தான் இறங்கினார். அரசர் தம் முத்துமாலையைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டார். பித்தளைச் சங்கை வாங்கித் தம் காதில் மாட்டிக்கொண்டார். மூடியை என்ன செய்வது என்று கேட்டார்.

“அமைச்சருக்கே கொடுத்துவிடுங்கள், அரசே. இனி ஊரில் தம்மைப் பற்றிப் பேசப்போவது எதையும் அவர் கேட்க விரும்பமாட்டார்.”