பேக்கப் பெட்டிக்குப் பூஜை

தீர்ப்பை அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். கதை நிற்கும் இடத்தில் லாரி இன்னும் வாசலைத் தாண்டியிருக்காது.

ஓசூரை அடுத்த ஒரு தொழிற்சாலையில் குழந்தைகளுக்கான காய்ச்சல் சிரப் தயாராகிறது. எதை எவ்வளவு கலப்பது என்று இயந்திரத்துக்குச் சொல்வது கம்ப்யூட்டர். அந்தக் கம்ப்யூட்டர்களைக் காப்பவள் ஜசிந்தா. கைக்குழந்தைக்காரி. கணவனுக்கு வேலை போன பிறகு, வீட்டில் உலை கொதிப்பது அவள் சம்பளத்தில்தான்.

கலவை அளவுகளின் நகல் ஒரு சின்ன பேக்கப் பெட்டியில் இருக்கும். நகல் எடுத்ததும் அதைக் கம்ப்யூட்டரிலிருந்து பிடுங்கிப் பீரோவில் பூட்டிவிட வேண்டும். கம்ப்யூட்டருக்குள் புகும் திருடன் இணையக் கம்பி வழியாக வருகிறவன். கம்பி இல்லாத இடத்துக்கு அவனால் வர முடியாது. இந்தச் சட்டத்தைப் போட்டவளே ஜசிந்தாதான்.

ஆயுத பூஜை வந்தது. இயந்திரங்களைக் கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். பெட்டியும் பூஜைக்கு வந்தது. ஆபரேட்டர் வேலாயுதம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன மேடம், செத்த எலி மாதிரி கிடக்கு? லைட்டு எரியாத சாமானுக்கு யாராவது பூஜை போடுவாங்களா?"

"வேண்டாண்ணே, அதைச் சொருகக் கூடாது."

"சர்ச்சுக்குப் போறவங்க! எங்க சாமி மேல நம்பிக்கை இல்ல, அதான்."

எல்லாரும் சிரித்தார்கள். ஜசிந்தாவும் சிரித்துக்கொண்டே பெட்டியைக் கம்ப்யூட்டரில் சொருகினாள். பச்சை விளக்கு மினுங்கியது. பூஜையில் வைத்ததை மறுநாள் கற்பூரம் காட்டும்வரை அசைக்கக் கூடாது என்பது அங்கே வழக்கம். இரவு முழுக்க அது அப்படியே இருந்தது. முதலாளியும் சோதனைக்கூடத்து உமையாளும் அன்று ஊரில் இல்லை.

விஜயதசமி காலையில் பெட்டியைச் சத்தமில்லாமல் பீரோவில் பூட்டினாள். இயந்திரம் ஓடியது, முதல் சரக்கு லாரியில் ஏறியது. கடலோர மாவட்டங்களில் விஷக்காய்ச்சல். அங்கே ஆஸ்பத்திரிகளில் சிரப் தீர்ந்துபோய்க் குழந்தைகள் அனலாய்க் கொதிக்கின்றன என்று போன் மேல் போன். அந்த நேரம் பார்த்து, எல்லாத் திரைகளிலும் ஒரே வாசகம் வந்து மறைந்தது: 'நேற்று இரவு உள்ளே வந்தோம். கலவையில் ஒரு எண்ணை மாற்றினோம். எது என்று தெரிய வேண்டுமா? பேச வாருங்கள்.'

முதலாளி சிதம்பரநாதன் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார். இயந்திரத்தில் இருந்த அளவுகளும் பெட்டியில் இருந்த அளவுகளும் ஒன்றுவிடாமல் பொருந்தின.

"பாத்தீங்களா? சும்மா பூச்சாண்டி காட்டுறான். லாரியை எடுக்கச் சொல்லுங்க. பிள்ளைங்க அங்க துடிக்குது."

உமையாள் ஒப்பமிடாமல் சரக்கு நகராது. அவள் தயங்கினாள். அவளுடைய சோதனைக் கருவிகளும் அதே கம்பியில்தான், திருடன் அவற்றையும் தொட்டிருக்கலாம். வெளியூர் அனுப்பிச் சோதித்தால் இரண்டு நாள் போய்விடும். ஜசிந்தாவின் முகத்தைப் பார்த்தாள்.

"ஏம்ப்பா, அந்தப் பெட்டி பூட்டித்தானே இருந்துச்சு?"

ஜசிந்தா பீரோவின் பக்கம் திரும்பிக்கொண்டாள். பால் கட்டி மார்பு வலித்தது. சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் லாரி போகும்.

அந்த மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு உமையாள் ஒப்பமிட்டாள். ஜசிந்தா வெளியே ஓடினாள். லாரி உறுமிக்கொண்டிருந்தது, டிரைவர் கீழே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். எட்டிச் சாவியை உருவினாள்.

"ஏம்மா, சாவியை எடுத்துட்டு எங்க போற? பேய் கீய் பிடிச்சிருக்கா?"

அவள் காரணம் சொல்லவில்லை. சாவியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு லாரிக்கு முன்னால் நின்றாள்.

கண்ணெதிரே பொருந்திய சான்றை நம்பி, துடிக்கும் பிள்ளைகளுக்கு மருந்தனுப்பத் துணிந்தார் முதலாளி. கேட்க வேண்டியதைக் கேட்டபின் ஒப்பமிட்டாள் உமையாள். வாய் திறவாமல் லாரியை மறித்தாள் ஜசிந்தா. இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: ஜசிந்தா செய்ததே சரி, ஆனால் பாதிதான். இயந்திரம், பெட்டி என இரண்டு சாட்சிகள் ஒரே சொல்லைச் சொல்வதாக முதலாளி எண்ணினார். இருவரோடும் திருடன் அந்த இரவைக் கழித்திருக்கிறான், இரண்டிலும் அதே எண்ணை மாற்றியிருக்கலாம் என்பது அவருக்குத் தெரியாது. உமையாளின் கேள்வி சரி, பதிலுக்குக் காத்திராததுதான் பிழை. மௌனம் சம்மதம் என்பது பெண்பார்க்கும் இடத்தில் செல்லும், மருந்துக்குச் செல்லாது. மருந்து வரத் தாமதமானால் ஈரத்துணி போட்டாவது, வேறெங்காவது அலைந்தாவது தாய்மார் இரண்டு நாளைத் தள்ளப் பார்ப்பார்கள். அளவு தப்பியதை ஊட்டிவிட்டால் எந்தத் தாயாலும் அதைத் திரும்ப வாங்க முடியாது. ஆனால் லாரிக்கு மாற்றுச் சாவி ஒன்று மாடியில், முதலாளியின் மேசையில் இருக்கிறது. எடுத்துவர ஆள் போய்விட்டான். அவன் படி இறங்கி வருவதற்குள் ஜசிந்தா வாய் திறக்க வேண்டும்.