வாடகைக் கட்டில்

கோடிக்கணக்கில் செலவழித்து எங்கள் ஊரில் ஆஸ்பத்திரி கட்டினார்கள். திறப்பு விழாவுக்குக் கட்டில்கள் பந்தல்காரரிடமிருந்து வாடகைக்கு வந்தன. நோயாளிகளும் வாடகைதான். காண்டிராக்டர் தனபால், நிறைமாச மகளை வீட்டில் விட்டுவிட்டு வந்த சித்தாள் ஒச்சம்மாளைப் பிடித்துப் படுக்கவைத்தார்.

"மந்திரி வந்தா முனகணும், தெரியுதா?"

"சரிங்க மொதலாளி."

மந்திரி வந்தார். கேமராவைப் பார்த்துக்கொண்டே ஒச்சம்மாள் தலையைத் தடவினார். "டாக்டர் சொல்ற வரைக்கும் இந்தம்மாவை யாரும் கட்டிலைவிட்டு எழுப்பக் கூடாது!" என்று முழங்கினார். கூட்டம் கை தட்டியது.

சாயங்காலம் பந்தல்காரர் லாரியோடு வந்தார். ஒச்சம்மாள் எழுந்திருக்கவில்லை.

"எந்திரி, கட்டிலை ஏத்தணும்!" என்று கத்தினார் தனபால்.

"மந்திரி சொன்னதை ஊரே கேட்டுச்சே மொதலாளி. டாக்டரை வரச் சொல்லுங்க, எந்திரிக்கிறேன்."

டாக்டருக்கு எங்கே போவார் தனபால்? மற்ற கட்டில்கள் லாரி ஏறின. அந்த ஒன்று மட்டும் தங்கியது.

மறுவாரம் மகளுக்கு வலி எடுத்தது. அந்தக் கட்டிலில்தான் கிடத்தினோம். விடிவதற்குள் தாயும் போனாள், பிள்ளையும் போனது.

பாடை கிளம்பும்போது பந்தல்காரர் தயங்கித் தயங்கி வந்தார். "கட்டிலை எடுத்துக்கவா, ஆத்தா?"

"டாக்டர் இன்னும் வரலையேப்பா," என்றாள் ஒச்சம்மாள்.