தண்ணீர் ஊற்றிக் கேட்கும் கேள்வி

ஆடும் கோழியும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், மலையடிவாரத்துக் கரட்டில் ஒச்சாயி என்றொரு பெண்ணும் அவள் புருஷன் வீரணனும் குடிசை போட்டுப் பிழைத்துவந்தார்கள். கம்பு விதைப்பார்கள், கூழ் காய்ச்சிக் குடிப்பார்கள். வீட்டில் ஒரு ஆடு, ஒரு கோழி. ஆட்டுக்கு நெற்றியில் வெள்ளைச் சுட்டி இருந்ததால் பெயரும் சுட்டி. கோழிக்கு உடம்பெல்லாம் புள்ளி, அதனால் அது புள்ளி.

அப்போதெல்லாம் மனிதர்கள் எந்த உயிரிடமிருந்தும் எதையும் பிடுங்கித் தின்பதில்லை. கேட்பார்கள், சரி என்றால் எடுத்துக்கொள்வார்கள். இப்போது சொன்னால் சிரிப்பீர்கள், ஆனால் அப்படித்தான் இருந்தது. ஒச்சாயி புள்ளியிடம் கேட்டிருந்தாள். பருந்துக்கும் கீரிக்கும் பயந்து செத்துக்கொண்டிருந்த புள்ளி, "பொழுது சாஞ்சா எங்களைக் கூடை போட்டு மூடிக் காப்பாத்து தாயி. முட்டை எடுத்துக்க, பொரிக்கிற குஞ்சுல ஒரு சேவலும் எடுத்துக்க" என்று ஒத்துக்கொண்டிருந்தது. இந்தப் பேச்சு நடந்தது சுட்டி அந்த வீட்டுக்கு வருவதற்கு முன்னால். அதனால் சுட்டிக்கு இது தெரியாது.

சுட்டியிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அது போடும் பிழுக்கையைக் கூட்டி அள்ளிக் கம்பங்கொல்லையில் கொட்டினார்கள், அவ்வளவுதான். உடைமரத்தடியில் கட்டிக்கிடந்த சுட்டிக்கு வாழ்க்கையில் இருந்த ஒரே துக்கம் அந்த வீட்டு அடுப்படி. புள்ளி நினைத்த நேரம் அதற்குள் நுழையும், நினைத்த நேரம் வெளியே வரும். சுட்டிக்கு வாசல்படி வரைதான். அதற்கு மேல் கயிறு எட்டாது.

புள்ளியின் வாயும் சும்மா இருக்காது.

"ஏன் மதினி, என் முட்டை எங்கே போகுது தெரியுமா? அடுப்படிக்கு. உன்னோடது எங்கே போகுது?" என்று கேட்கும். பதிலையும் தானே சொல்லும். "கொல்லைக்கு."

பொறாமைப்பட்டால் இரை இறங்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சுட்டி வயிறு முட்டத் தின்றது. தின்ற பிறகு அசைபோட உட்காரும் அல்லவா, அப்போதுதான் தழையோடு சேர்ந்து கோழி சொன்னதும் மேலே வரும். அதையும் போட்டு மென்று மென்று விழுங்கும். மறுபடி மேலே வரும். ஆட்டுக்குப் பொறாமை வந்தால் அது சீக்கிரத்தில் செரிப்பதில்லை.

அந்த வருஷம் சுட்டி ஒரு கிடாய்க்குட்டி போட்டது. குட்டிக்கும் நெற்றியில் அதே வெள்ளைச் சுட்டி. ஒரு இடத்தில் நிற்காமல் துள்ளியதால் துள்ளன் என்று பெயர் வைத்தார்கள். அதே சமயம் ஒச்சாயியின் கைக்குழந்தை மாயக்காவுக்குத் தாய்ப்பால் போதவில்லை. குழந்தை அழுது அழுது தொண்டை கட்டிக் கிடந்தது.

சுட்டி கயிறு இழுத்த மட்டும் வாசலுக்கு வந்து நின்றது. "தாயி, என் மடியில பால் கட்டிக் கிடக்கு. புள்ளைக்குக் கறந்து குடு."

"ஆட்டுப் பாலா? மொச்சை வீச்சம் அடிக்குமே" என்றாள் ஒச்சாயி.

"காய்ச்சினா அடிக்காது. வீச்சத்தைப் பாத்தா புள்ளை வயிறு நிறையுமா? உன் செல்லக் கோழிகிட்ட வேணும்னாலும் கேட்டுப்பாரு, அதுக்கு மடி இருக்கான்னு."

குழந்தையின் மேல் இரக்கம் இருந்தது உண்மைதான். ஆனால் கடைசியாகச் சொன்னதைக் கோழிக்குக் கேட்கிற மாதிரிச் சத்தமாகத்தான் சொன்னது.

மாயக்கா ஆட்டுப் பால் குடித்துத் தேறினாள். கன்னம் உப்பியது. மிச்சப் பாலை ஒச்சாயி உறை ஊற்றிப் பார்த்தாள், தயிர் கெட்டியாகத் தோய்ந்தது. தயிரைக் கடைந்து மோராக்கிக் கம்பங்கூழில் ஊற்றிக் கரைத்தாள். சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடித்த வீரணன் சட்டியை வழித்து நக்கினான். அதற்குப் பிறகு மோர் ஊற்றாத கூழை அவன் தொடுவதில்லை. "மோர் இல்லையா?" என்று அவன் உள்ளேயிருந்து கேட்கும் குரல் உடைமரத்தடி வரைக்கும் வரும். சுட்டிக்கு அது போதும். கண்ணை மூடிக்கொண்டு கேட்கும்.

புள்ளி சில நாள் வாசலில் மண்ணைச் சீய்த்தபடி, துள்ளன் மண்டி போட்டு வாலை ஆட்டி ஆட்டி மடியை முட்டிக் குடிப்பதையே பார்த்துக்கொண்டிருக்கும். பிறகு ஒருநாள் கழுத்தை நீட்டிக்கொண்டு வந்தது.

"பால் தினமும் உள்ளே போகுதுன்னு ரொம்பத்தான் பூரிச்சிப் போறே மதினி. தண்ணியும்தான் தினமும் உள்ளே போகுது. விருந்தாளி வந்தா பாலையா தேடுறாங்க? என் மகனைத்தான் தேடுறாங்க. ரெண்டு கையிலயும் ஏந்தித் தூக்கிட்டுப் போறாங்க. உன் மகனை என்னைக்காவது தூக்கியிருக்காங்களா?"

சுட்டிக்குச் சுருக்கென்றது. விருந்து வரும்போது சேவல் உள்ளே போவதை அது பார்த்திருந்தது. உள்ளேயிருந்து மணமும் சிரிப்பும் வருவதையும் கவனித்திருந்தது. ஆனாலும் ஒன்று மட்டும் அதற்கு விளங்கவில்லை.

"போனவன் ஒருத்தனும் திரும்பி வரக் காணோமே?" என்று கேட்டது.

புள்ளி தரையைக் கொத்தியது. அங்கே ஒரு தானியமும் இல்லை. "உள்ளேயே வச்சிக்கிட்டாங்க. வெளியே விட அவங்களுக்கு மனசு வரல" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் போய்விட்டது.

அன்றைக்கு அசைபோட்டதில் பாதிக்கு மேல் அந்தச் சொல்தான். கோழி மகனுக்கு உள்ளே இடம். என் மகனுக்கு வெயிலில் மரத்தடியா? துள்ளனுக்கு அப்போது கொம்பு முளைத்து நன்றாக வளர்ந்திருந்தது. வளர்ந்தும் பால்குடியை விடவில்லை. இவ்வளவு அழகான பிள்ளையை ஒருவரும் ஏந்தவில்லையே என்று சுட்டி வயிறெரிந்தது.

மாயக்காவுக்குக் காது குத்த நாள் பார்த்தார்கள். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும் என்பதால் ஒச்சாயியின் அண்ணனுக்குச் சொல்லியனுப்பினார்கள். அவர் ஊர் ஜனத்தையே திரட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஒச்சாயி அடுப்படி வாசலில் நின்று கையைப் பிசைந்தாள்.

"இருக்கறது ஒத்தச் சேவல். இத்தனை பேருக்கு எப்படிங்க காணும்? அண்ணன் முன்னாடி மானம் போயிரும்."

"நான் மட்டும் என்ன பண்ணுவேன்? கூழை ஊத்து, மோரை ஊத்து" என்றான் வீரணன்.

மரத்தடியில் சுட்டி காதை நிமிர்த்தியது. இப்படி ஒரு நாளுக்குத்தான் அது காத்திருந்தது.

"தாயி! என் மகனைக் கூட்டிட்டுப் போ."

ஒச்சாயி திடுக்கிட்டுத் திரும்பினாள். "ஏ சுட்டி, என்ன சொல்றோம்னு தெரிஞ்சுதான் சொல்றியா?"

அந்த இடத்தில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். உள்ளே என்ன நடக்கும் தாயி என்று கேட்டிருந்தால் ஒச்சாயி உள்ளதைச் சொல்லியிருப்பாள். ஆனால் வாசலில் புள்ளி நின்றுகொண்டிருந்தது. கோழிக்குத் தெரிந்த விஷயம் தனக்குத் தெரியாது என்று அதன் முன்னாலேயே காட்டிக்கொள்ளச் சுட்டிக்கு மனம் வரவில்லை.

"நான் என்ன பச்சைப் புள்ளையா? எல்லாம் தெரியும். கோழி மகனுக்கு ஒரு மரியாதை, என் மகனுக்கு ஒரு மரியாதையா?" என்று சொல்லித் தலையைப் பலமாக ஆட்டியது.

புள்ளி அலகைத் திறந்தது. துள்ளனைப் பார்த்தது. பிறகு மூடிக்கொண்டது.

துள்ளன் தாயை உரசி நின்றது. "அம்மா, உள்ளே என்ன இருக்கும்?"

"நமக்குண்டான மரியாதை இருக்கும்டா. சேட்டை பண்ணாம அவங்க சொல்றதைக் கேட்டு நில்லு."

வீரணன் துள்ளனை அவிழ்த்து, கிணற்றுத் தண்ணீரைக் குடத்தோடு தலையில் ஊற்றிக் குளிப்பாட்டினான். குளிர் தாங்காமல் துள்ளன் உடம்பைச் சிலிர்த்துத் தலையை உதறியது. ஜனங்கள் சிரித்தார்கள். வீரணன் அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போனான். சுட்டி புள்ளி இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தது. அந்தப் பார்வைக்காகத்தான் இவ்வளவும்.

காது குத்தினார்கள், மாயக்கா அழுதாள். பிறகு அடுப்படியிலிருந்து அதுவரை அந்தக் கரட்டில் யாரும் முகராத ஒரு மணம் வந்தது. மிளகும் மல்லியும் அரைத்துப்போட்ட குழம்பு. பந்தியில் பேச்சே இல்லை, எலும்பை உறிஞ்சும் சத்தம்தான். ஒச்சாயியின் அண்ணன் கையை நக்கிக்கொண்டே, "மச்சான், சேவலெல்லாம் இதுக்கு முன்னாடி நிக்க முடியுமா?" என்றார். கடைசியில் சுட்டியின் மோரைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டு எழுந்தார்கள்.

சேவல் நிக்க முடியுமா என்று கேட்டது சுட்டியின் காதில் தேனாக விழுந்தது. மகன் வெளியே வந்ததும் கேட்க வேண்டியதையெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டது. எங்கே உட்காரவைத்தார்கள், என்ன கொடுத்தார்கள், யார் தடவிக்கொடுத்தார்கள்.

வெயில் சாயும் நேரத்தில் வீரணன் எதையோ கொண்டுவந்து வேலியில் விரித்துக் காயப்போட்டான். தோல். அதில் நெற்றி இருக்கும் இடத்தில் வெள்ளையாக ஒரு சுட்டி.

சுட்டி வெகுநேரம் அதையே பார்த்தது. பிறகு கூடைக்குப் போகப்போன புள்ளியைக் கூப்பிட்டது.

"உள்ளே வச்சிக்கிட்டாங்கன்னு சொன்னியே."

புள்ளி பக்கத்தில் வரவில்லை. "குப்பைக்குழியில என் புள்ளைங்க இறகு கிடந்ததை நீ ஒருநாளும் பாக்கலையா மதினி? வருஷா வருஷம் கொடுத்துட்டு நிக்கிறவ நான். அதை வெளியே சொல்லி அழ முடியுமா? பெருமையாச் சொல்லிக்கிட்டேன்."

"நான் தலையாட்டினப்ப நீ அங்கேதானே நின்னே? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லத்தான் வாயைத் திறந்தேன். உன் மகன் உன் மடியில முட்டி முட்டிக் குடிக்கிறதைத் தினம் தினம் பாத்தேன். எனக்கு மடி இல்லேன்னு நீ கத்தினது ஞாபகம் வந்துச்சு. என் புள்ளை மட்டும் போகணுமான்னு தோணிருச்சு." புள்ளி மறுபடி வெறும் தரையைக் கொத்தியது. "தோணினது தப்புதான்."

சுட்டி கோழியைத் திட்டவில்லை. யாரைத் திட்டுவது? தலையாட்டியது தன் தலை. கழுத்தை நீட்டி வேலியைப் பார்த்து "ம்மே" என்று மகனைக் கூப்பிட்டது. பொழுது இருட்டியும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

ஒச்சாயி ஓடிவந்து விஷயத்தைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "தெரியும்னு சொன்னியேடி, நம்பிட்டேனே! இனிமே தாய் சொன்னாலும் செல்லாது. கிடாய்கிட்டயே கேக்கணும், அதுவே சரின்னு சொன்னாத்தான் கத்தி எடுக்கணும்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னாள். நல்ல மனதோடுதான் சொன்னாள்.

சுட்டி அதன்பிறகு மனிதரோடு பேசவில்லை. கோழியோடும் பேசவில்லை. தான் போட்ட குட்டி எதற்கும் பேச்சே சொல்லிக்கொடுக்கவில்லை. பேசத் தெரிந்தால்தானே சரி என்று சொல்லிவிடும்? மகனைக் கூப்பிட்ட அந்த "ம்மே" மட்டும் அந்த வம்சத்தின் வாயில் தங்கிப்போனது. மாயக்கா தவழ்ந்து வந்து மடியைப் பிடித்தபோது மட்டும் அசையாமல் நின்று பால் கொடுத்தது. குழந்தையோடு அதற்கு என்ன கோபம்.

ஆனால் ருசி கண்ட நாக்கு சும்மா இருக்குமா? மறு வருஷம் ஒச்சாயியின் அண்ணன் ஜனத்தோடு மறுபடி வந்து இறங்கினார். சுட்டியின் அடுத்த கிடாயைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். சொன்ன சொல்படி ஒச்சாயி அதனிடம் கேட்டாள். அது பதில் சொல்லவில்லை. திரும்பக் கேட்டாள். விழித்துக்கொண்டு நின்றது. வெயில் ஏறியது, எல்லோர் வயிறும் கூப்பாடு போட்டது.

"அன்னைக்குக் குளிப்பாட்டினப்ப அந்தக் கிடாய் தலையை ஆட்டுச்சே, அது சம்மதம் இல்லாம வேற என்ன?" என்றார் அண்ணன். ஒரு குடம் கிணற்றுத் தண்ணீரை எடுத்துக் கிடாயின் தலையில் ஊற்றினார். அது உடம்பைச் சிலிர்த்துத் தலையை உதறியது. "பாத்தியா தங்கச்சி, சரின்னுருச்சு!"

மரத்தடியிலிருந்து சுட்டி ஒச்சாயியைப் பார்த்தது. ஒச்சாயிக்குத் தெரியும், அது குளிர் என்று. ஆனால் அண்ணன் வீட்டு ஜனம் பசியோடு உட்கார்ந்திருந்தது. அவள் அடுப்பு மூட்டப் போனாள்.

அன்று முதல்தான் கிடாய் வெட்டும் முன்னால் அதன் தலையில் தண்ணீர் ஊற்றி, சிலிர்க்கும்வரை எல்லோரும் சுற்றி நின்று காத்திருக்கிறோம். சிலிர்த்ததும் சம்மதம் கொடுத்துவிட்டது என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொள்கிறோம். தலையில் பச்சைத் தண்ணீர் விழுந்தால் யாருக்கும் சிலிர்க்கும் என்பது அந்தக் கூட்டத்தில் தெரியாதவர் ஒருவரும் இல்லை.