கொக்கூரணி ஜமீனின் கல்யாண வேட்டு

கொக்கூரணி ஜமீனில் ஆவுடை, சங்கிலி, மொக்கைச்சாமி என்று மூன்று காவல்காரர்கள் இருந்தார்கள். "மூணு பேர்ல நான்தான் புத்திசாலி" என்று ஆவுடை சொல்லிக்கொள்வான். சொல்லிவிட்டு, "அப்போ மத்த ரெண்டு பேர் நிலைமையை நீங்களே யோசிச்சுக்கிடுங்க" என்று தானே சிரிப்பான்.

ஜமீனில் ஒரு கைத்துப்பாக்கியும் இருந்தது. ஜமீன்தார் மகள் கல்யாணத்தன்று மாப்பிள்ளை குதிரையில் வந்து இறங்கும்போது இரண்டு வேட்டுப் போட வேண்டும். சுட்டுத் தீர்ந்த தோட்டாக்களில் மறுபடி வெடிமருந்து நிரப்பிக் கொடுத்துவந்தவர் லாசர் என்ற பழைய பட்டாளத்துக்காரர். அவருக்குக் கண்ணில் புரை விழுந்துவிட்டதால் வேலை ஆவுடையிடம் வந்தது.

லாசர் படித்துப் படித்துச் சொன்னார். "நெருப்பை அணைச்சுட்டுத்தான் மருந்தைத் தொடணும். ஒரு தோட்டாவுக்கு ஒரு சின்னக் கரண்டி மருந்து, அதுக்கு மேல குண்டு. நிரப்பும்போது பேச்சு மூச்சு கூடாது. போட்டோமா இல்லையான்னு சந்தேகம் வந்தா, கொட்டிட்டு முதல்லேருந்து ஆரம்பிக்கணும். துப்பாக்கி வாய் ஆள் இருக்கிற பக்கம் திரும்பவே கூடாது. மறந்தீங்கன்னா உங்களைக் கூட்டித்தான் அள்ளணும்."

"ஒரு எழுத்து பிசகாது" என்றான் ஆவுடை. பிசகவும் இல்லை. அதுதான் வினை.

முதலில் நெருப்பு. அரண்மனைக் கொல்லையில் எட்டு அடுப்பில் கல்யாணச் சமையல் நடந்துகொண்டிருந்தது. மூவரும் குடத்தோடு போய் எட்டையும் அணைத்தார்கள். பருப்பு பாதி வேக்காட்டில் நின்றுபோனது. சமையல்காரரான தவசிப்பிள்ளை கரண்டியோடு துரத்தினார். "உங்க உயிரைக் காப்பாத்தத்தான்யா!" என்று கத்திக்கொண்டே ஓடினான் ஆவுடை.

பிறகு தோட்டா. முதல் தோட்டாவில் மருந்து போட்டதுமே மொக்கைச்சாமி தும்மினான். "போட்டோமா, இல்லையா?" என்று ஆவுடைக்குச் சந்தேகம் வந்துவிட்டது. எல்லாவற்றையும் கொட்டினார்கள்.

"முதல்லேருந்துன்னா எதுலேருந்துண்ணே?" என்றான் சங்கிலி.

"இன்னிக்குக் காலையில முதல்ல என்ன செஞ்சோம்?"

"தூங்கி எந்திரிச்சோம்."

மூவரும் அவரவர் வீட்டுக்குப் போனார்கள். பாய் விரித்துப் படுத்தார்கள். எழுந்து பல் விளக்கி, குளித்து, கஞ்சி குடித்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். உட்கார்ந்ததும் மறுபடி சந்தேகம், மறுபடி வீடு. இரண்டாவது கஞ்சி இறங்கவில்லை. "இனி எவனும் சந்தேகப்படக் கூடாது. வயிறு தாங்காது" என்றான் ஆவுடை.

இந்த முறை வாயை இறுக மூடிக்கொண்டார்கள். ஆவுடை முதல் தோட்டாவில் ஒரு கரண்டி போட்டான். அவன் போட்டதைச் சங்கிலி பார்க்கவில்லை. கேட்கலாமென்றால் பேச்சு கூடாது. அவனும் அதிலேயே ஒரு கரண்டி போட்டான். மொக்கைச்சாமியும் போட்டான். மருந்து பொங்கி நின்றதால் கட்டைவிரலால் அமுக்கினான். அடுத்த தோட்டாவில் மூவரும், மற்ற இருவரில் ஒருவர் போட்டிருப்பார் என்று நம்பி, வெறும் குண்டை வைத்து மூடினார்கள். மனதில் துளிச் சந்தேகமில்லை. கடைசியில் மூடியதே முதலில் வெடிக்கும்படி இரண்டையும் துப்பாக்கியில் போட்டார்கள்.

கொட்டுமேளம் நெருங்கிவிட்டது. எந்தப் பக்கம் பார்த்துச் சுடுவது?

"கிழக்கே மாப்பிள்ளை வீட்டார். மேற்கே எசமான். வடக்கே?"

"மதுரையில நிறையப் பேரு இருக்காகண்ணே."

"தெற்கே கடலுதானே?"

"மீன் பிடிக்கிறவுக இருப்பாக."

"மேலே?"

"போன குண்டு வீட்டுக்கா போகும்? கீழதானே வரும்?"

கடைசியில் பாழுங்கிணறு ஞாபகத்துக்கு வந்தது. ஆவுடை எட்டிப் பார்த்து, "உள்ளே யாராச்சும் இருக்கீங்களா?" என்றான்.

"இருக்கீங்களா?" என்றது கிணறு.

"இருக்கோம்!"

"இருக்கோம்!"

மூவருக்கும் திக்கென்றது. "சுடப்போறோம், ஒதுங்குங்க!" என்று கத்தினான் ஆவுடை.

"ஒதுங்குங்க!" என்றது கிணறு.

பெரியவர்கள் யாரோ சொல்கிறார்கள், தட்டக் கூடாது. துப்பாக்கியை வாய் கீழாகக் கிணற்று உருளையில் கட்டி, விசையில் நீளக் கயிறு மாட்டி, புளியமரத்துக்குப் பின்னால் ஒதுங்கினார்கள்.

ஆவுடை கயிற்றை இழுத்தான். 'டுப்' என்றது. அவ்வளவுதான்.

"குண்டு பாதி வழியில நிக்குது போல. குழலுக்குள்ள எட்டிப் பார்க்கட்டுமா?" என்றான் சங்கிலி.

"வாய் ஆள் பக்கம் இருக்கக் கூடாதுல்ல. நீ ஆளா இல்லையா?"

சங்கிலி வாய் திறந்தான். "யோசிக்காதே, சந்தேகம் வந்திரும்!" என்று மொக்கைச்சாமி அவன் வாயைப் பொத்தினான்.

"பின்னால ஒரு குண்டை அனுப்பினா முன்னால நிக்கிறதைத் தள்ளிட்டுப் போயிரும்" என்றான் புத்திசாலியான ஆவுடை. இழுத்தான்.

கொக்கூரணியே ஆடியது. உருளை பறந்தது. கிணற்றுச் சுவரில் பாதி உள்ளே சரிந்தது. துப்பாக்கியின் துண்டுகள் புளியமரத்தில் ஆணி அடித்த மாதிரி ஏறிப் பதிந்தன. ஆவுடை நெஞ்சு, வயிறு, காது என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். எல்லாம் இருந்தன. மூளையை மட்டும் தேடவில்லை. "இருந்தாத்தானே போறதுக்கு" என்று பிற்பாடு அவனே சொன்னான்.

மாப்பிள்ளையின் குதிரை மாப்பிள்ளையோடு வந்த வழியே பறந்தது. பந்தல் ஜனம் மொத்தமும் பின்னால் ஓடிப் பிடித்து வருவதற்குள் முகூர்த்தம் தப்பி, அடுத்த முகூர்த்தத்தில் தாலி ஏறியது. அதற்குள் பருப்பு வெந்திருந்தது.

ஜமீன்தார் மூவரையும் கூப்பிட்டார். "இனிமே உங்க கையில ஊசிப்பட்டாசுகூடக் கிடையாது. வேட்டுப் போடணும்னா வாயால போடுங்கடா!" என்றார்.

தலைதீபாவளிக்கு மாப்பிள்ளை வந்தார், நடந்து. ஆவுடை வாசலில் நிமிர்ந்து நின்று, மூச்சை இழுத்து, "டமார்!" என்றான்.

எதிரே நின்ற சங்கிலி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மல்லாக்க விழுந்தான். ஆவுடை பதறி ஓடி அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டான்.

"டேய் சங்கிலி! உசுரு இருக்காடா?"

சங்கிலி ஒரு கண்ணை மட்டும் திறந்தான். "இருக்குண்ணே. நீங்க மெதுவாத்தானே கத்தினீங்க."