செடிக்கு மேல் தலை தெரிந்த நாள்

வெகு காலத்துக்கு முன்பு, செடிகொடிகள் மந்திரத்துக்குக் கட்டுப்பட்டிருந்த நாளில், வேங்கை நாட்டில் கருங்காடன் என்றொரு மந்திரவாதி பருத்திக்காடு வைத்திருந்தான். மகரந்தம் தோய்ந்த விரலால் பூவைத் தொட்டால் அக்கணமே காய் பிடிக்கும். அப்படியோர் அதிசயப் பருத்தி. ஆனால் அவன் ஊரைக் கூட்டி முழங்கினான்:

"பிஞ்சு விரல் தொட்டால் பிஞ்சு பிடிக்கும்!
மூத்த விரல் தொட்டால் பூவே உதிரும்!"

ஐயப்பட்ட பெரியவர் ஒருவரைத் தொடச் சொன்னான். தொட்டார், உதிர்ந்தது. ஊர் நம்பியது; நம்பிய ஊர் பிள்ளைகளை வேலிக்குள் அனுப்பியது.

"செடியைவிட உயர்ந்ததும் வீட்டுக்குப் போகலாம்" என்று வாக்களித்தான். சூது அவனுடைய செப்புக் கலயத்தில் இருந்தது. அதிலிருந்து நாள்தோறும் நீலப்புகையைக் காட்டின்மேல் ஏவுவான். பூச்சி சாகும். பிள்ளைகளுக்குக் கண் எரியும், தலை சுற்றும்; வளர்ச்சியும் நின்றுவிடும்.

பவளாயி என்னும் சிறுமி ஒவ்வொரு விளைச்சலிலும் செடியருகே நின்று அளந்து பார்த்தாள். முதல் விளைச்சலில் செடி அவளைவிட ஒரு சாண் உயரம். இரண்டாம் விளைச்சலிலும் ஒரு சாண். மூன்றாம் விளைச்சலிலும் அதே ஒரு சாண்.

ஒரு காலையில் அவள் தாய், இளைய மகள் வஞ்சியை அழைத்துக்கொண்டு வேலிப்படலுக்கு வந்தாள். வஞ்சியின் முறை வந்துவிட்டது.

"ஏ குட்டி, எங்க பவளாக்காவைக் கூப்பிடு" என்றாள் வஞ்சி.

"நான்தான்டி பவளாயி."

"போடி புளுகுணி! எங்கக்கா என்னைவிடப் பெரியவ."

தாய் உற்றுப் பார்த்தாள். "சிறுத்துப் போயிட்டியா, கண்ணு?"

"சிறுக்கலம்மா. வந்தப்போ இருந்த மாதிரியே நிக்கிறேன்."

கருங்காடன் படலைத் திறந்தான். "வா வஞ்சி, வா! நாலு விரற்கடைதானே குறைச்சல்? சீக்கிரம் வளர்ந்திடுவே!"

வஞ்சி காலைத் தூக்கினாள். பவளாயி குறுக்கே பாய்ந்து நின்றாள். ஊர் அறியாத ஒன்றை அவள் அறிந்திருந்தாள்: வெறும் விரலால் தொட்டால், பிள்ளை தொட்டாலும் பூ உதிரும். அன்று தொட்ட பெரியவரின் விரலும் மூப்பால் தோற்கவில்லை. மகரந்தம் இல்லாமல்தான் தோற்றது. சோதித்துப் பார்க்க அவருக்குப் பின் பெரியவர் எவரும் வேலிக்குள் வரவில்லை.

"அம்மா, நீ உள்ளே வந்து தொடு."

"ஐயோ, என் கை ஆகாதும்மா!"

"எனக்குச் சோறூட்டின கைதானே? ஆகும். வெறுங்கையா மட்டும் தொடாதே."

"நுழைந்தால் கலயத்தை உன்மேலே கவிழ்ப்பேன்!" என்று கருங்காடன் சீறினான்.

தாய் கலயத்தைப் பார்த்தாள். வஞ்சியைவிடக் குள்ளமாய் நின்ற மூத்தவளைப் பார்த்தாள். படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தாள். காய்த்துப்போன அவள் விரலில் பவளாயி மகரந்தத்தைப் பூசினாள்.

கருங்காடன் கலயத்தைத் தூக்குவதற்குள் தாய் ஒரு பூவைத் தொட்டாள்; காய் பிடித்தது. இன்னொன்றைத் தொட்டாள், காய் பிடித்தது. மூன்றாம் பூவும் காய்த்ததும் அவன் பொய் உடைந்தது; அதோடு செப்புக் கலயமும் பிளந்தது. நீலப்புகை ஏவியவன்மீதே கவிந்தது; கருங்காடன் காய்ப்புழுவாய்ச் சுருண்டு மண்ணுக்குள் புகுந்தான்.

காடெங்கும் செடிகளுக்கு மேலே ஒவ்வொன்றாகத் தலைகள் எழுந்தன. வஞ்சி அண்ணாந்து பார்த்து, "அக்கா!" என்றாள்.

ஊரார் ஓடிவந்தனர். "பாவி, நம்மை இத்தனை காலம் ஏமாத்திட்டானே!"

"அவன் ஏமாத்தினது ஒரு தடவைதான்" என்றாள் பவளாயி. "அப்புறம் நீங்க யாருமே தொட்டுப் பார்க்கலையே."

தலை குனிந்தபடியே பெரியவர்கள் காட்டுக்குள் இறங்கினர், பிள்ளைகள் வெளியேறினர். புகையில்லாத அக்காட்டில் புழு தின்றது போக மிஞ்சிய பருத்தியே அந்நாட்டின் மானத்தைக் காத்தது. பிள்ளைகளுக்கு உயரம் திரும்பியது. சிலருக்குக் கண்ணெரிச்சல் மட்டும் கடைசிவரை தீரவில்லை. கேட்டவர்கள் இதையும் சேர்த்தே நினைவில் வையுங்கள்.