தொடக் கூடாத டீசல் பெட்டி

புளியம்பாறை பஸ் டிப்போவைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். கேள்விப்பட்டிருந்தால் இந்நேரம் சிரித்துக்கொண்டல்லவா இருப்பீர்கள்!

அங்கே சாப்பாட்டு வேளையிலும் இன்ஜினை அணைக்க மாட்டார்கள். “தூங்கினா மறுபடி எழுப்பணும், பாவம்லா” என்பது மேனேஜர் பலவேசத்தின் கட்சி. டீசல் தண்ணீராய்ப் போயிற்று. கடைசியில் தலைமை அலுவலகம் கறாராகச் சொல்லிவிட்டது: “தனியார் கம்பெனி ஒன்று டீசல் மிச்சம் பிடிக்கும் பெட்டி கொண்டுவருகிறது. சோதித்துப் பாருங்கள். அப்போதும் குறையாவிட்டால் டிப்போவுக்குப் பூட்டு, ஆளுக்கொரு ஊர்.”

பலவேசம் உடனே தன் கூட்டாளிகள் இருவரையும் கூப்பிட்டார். டிரைவர் கொம்பையாவும் கண்டக்டர் சுடலைமணியும் பக்கத்தில் இல்லாமல் அவருக்கு டீகூட இறங்காது.

கம்பெனிக்காரர் வந்தார். பெட்டியை டிரைவர் சீட்டில் வைத்தார். “அடடா, ஸ்க்ரூ டிரைவரை லாட்ஜ்ல விட்டுட்டேன். நான் வர்ற வரைக்கும் இதை யாரும் தொடக் கூடாது. சோதனை இன்னைக்கே. பஸ் வழக்கம்போல டயத்துக்குக் கிளம்பணும்” என்று சொல்லிவிட்டுப் போனார். போன இடத்தில், முந்தின நாள் தின்ற புரோட்டா வேலையைக் காட்ட, அங்கேயே சுருண்டுவிட்டார்.

பஸ் கிளம்பும் நேரம் வந்தது.

“அண்ணாச்சி, சீட்ல பெட்டி இருக்கு. நான் எங்கன உக்கார?” என்றார் கொம்பையா.

“நகத்தி வையும்வே” என்றார் சுடலைமணி.

“நகத்தணும்னா தொடணும்லா!”

“அப்ப அது மேலயே உக்காரும்.”

“கையால தொட்டா என்ன, இன்னொண்ணால தொட்டா என்னவே? தொட்டது தொட்டதுதான்.”

பலவேசம் கண்ணை மூடி யோசித்தார். “ஓட்டுறதுக்குத்தானடே சீட்டு வேணும்? தள்ளுறதுக்கு எதுக்கு?”

“மூளைன்னா இதுல்லா மூளை!” கொம்பையாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

பயணிகள் எல்லாரும் இறங்கித் தள்ளினார்கள். கொம்பையா ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கூடவே நடந்தார். சுடலைமணி டிக்கெட் கேட்டார்.

“தள்ளுறதுக்கு டிக்கெட்டா?” என்று எகிறினார் வாழைத்தாரோடு வந்த ஒருவர்.

“பஸ் கூடத்தானவே போறீரு? நின்னுக்கிட்டுப் போறவன் டிக்கெட் எடுக்கலையா?”

அதுவும் நியாயமாகப் பட்டது. எடுத்துவிட்டார்.

இறக்கத்தில் பஸ் தானாகவே பிய்த்துக்கொண்டு ஓடியது. கொம்பையா ஜன்னலில் வௌவாலாகத் தொங்கினார். “ஏலே கொம்பையா, உசுரே போனாலும் பெட்டியத் தொட்டுராத!” என்று அலறிக்கொண்டே பலவேசம் பின்னால் ஓடினார். நல்லவேளை, ஒரு வைக்கோல் போரில் முட்டி பஸ் நின்றது.

சாயங்காலம் கம்பெனிக்காரர் தள்ளாடியபடி வந்து டீசல் டாங்கைப் பார்த்தார். ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை!

“பெட்டியை நான் இன்னும் மாட்டவே இல்லையே!” என்று திகைத்தவர், “மாட்டாமலே இப்படின்னா…” என்று குதித்தார். உடனே தலைமை அலுவலகத்துக்குப் போன் பறந்தது. டிப்போ தப்பித்தது. மூவரும் கட்டிப்பிடித்து அழுதார்கள்.

மறு வாரமே எல்லா பஸ்ஸுக்கும் பெட்டி வந்துவிட்டது. அத்தனை டிரைவர் சீட்டிலும் பக்தியோடு வைத்தார்கள். ஆனால் அத்தனை பஸ்ஸையும் தள்ள ஆளுக்கு எங்கே போவது? பலவேசம் மறுபடியும் கண்ணை மூடினார். பக்கத்து ஊர் டிப்போவில் பெட்டி இல்லாத பஸ் ஒன்றை இரவல் வாங்கி, எல்லா பஸ்ஸையும் வரிசையாக நிறுத்தி, பின்னாலிருந்து அதை வைத்தே முட்டித் தள்ளச் சொன்னார். கொம்பையா அந்த இரவல் பஸ்ஸை ஓட்ட, ஊர்வலம் ஜாம் ஜாமென்று கிளம்பியது.

பாதி வழியில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த பலவேசத்தின் முகம் வாடிவிட்டது.

“எல்லாம் சரிடே கொம்பையா. இந்த ஒரு பஸ்தான் டீசலாக் குடிக்கு. இதுக்கும் ஒரு பெட்டி வச்சிருவமா?”

“வச்சிருவோம் அண்ணாச்சி” என்று, ஓடுகிற பஸ்ஸில் சீட்டைக் காலி செய்து கொடுத்தார் கொம்பையா.